பயிர்த்தொழிலில் வாழ்க்கை அமைத்துக்கொள்ள: விவசாயக் குடும்பங்களும் ஆலோசகர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் நெல்லையும் உளுந்தையும் சுற்றியே என் வேலை. என்னிடம் கேள்வி கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் ஒரு வகை. அக்ரி படித்துவிட்டு, விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லியே பிழைக்க முடியுமா என்று யோசிப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு தரப்புக்கும் சிக்கல் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அவர்கள் உழைப்புக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை. மகன் வயலில் இறங்கினால் அது வீட்டு வேலை. ஆலோசகர் வரப்பில் நின்று சொன்னால் அது மருந்து வாங்கும்போது சும்மா கிடைப்பது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வரும்.

அக்ரி படித்தால்தான் இந்தத் தொழிலில் நிற்க முடியுமா?

சொந்த நிலத்தில் பயிர் செய்ய எந்தச் சான்றிதழும் வேண்டாம். அரசின் வேளாண் பணிகளுக்கும் வங்கிகளின் வேளாண் பணிகளுக்கும் கட்டாயம் வேண்டும். நான்காண்டு பி.எஸ்சி. வேளாண்மைப் படிப்பு கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும், மதுரை, கிள்ளிகுளம், திருச்சி, ஈச்சங்கோட்டை, வாழவச்சனூர் போன்ற இடங்களில் உள்ள அதன் உறுப்புக் கல்லூரிகளிலும் இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம்.

இடம் கிடைக்கவில்லை என்று பிள்ளை முகம் வாடினால் இரண்டாண்டு வேளாண்மைப் பட்டயப் படிப்பைப் பாருங்கள். அதை ‘சின்னப் படிப்பு’ என்று தள்ளுவது சரியில்லை. கிராமத்தில் விவசாயியோடு நேரடியாகப் பழகும் உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கு அந்தப் பட்டயம்தான் தகுதி. நாற்றங்காலுக்கும் வரப்புக்கும் அதிகம் போகிற பணியும் அதுதான்.

பட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் மாணவர்கள் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. ‘ராவே’ என்பார்கள். பலர் அதைப் படம் எடுத்து அறிக்கை ஒட்டுவதோடு முடித்துவிடுகிறார்கள். அந்த வாரங்களில் பத்து விவசாயிகளின் வரவு செலவை உட்கார்ந்து எழுதி வாங்கினால், வகுப்பில் கிடைக்காத ஒரு படிப்பு கையில் இருக்கும்.

படித்து முடித்தால் என்னென்ன வேலைகள்?

அரசில் வேளாண்மை அலுவலர் பணி, அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாக. அப்புறம் பொதுத்துறை வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணி, ஐ.பி.பி.எஸ். தேர்வு வழியாக. விதை நிறுவனங்களில் விதைப்பண்ணைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. உரம், மருந்து நிறுவனங்களில் விற்பனை வேலை. சர்க்கரை ஆலைகளில் கரும்புப் பகுதி அலுவலர். வேளாண் அறிவியல் நிலையங்கள், ஆராய்ச்சி நிலையங்கள். இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரியில்தான் தொடங்கியது.

பலர் கவனிக்காத ஒரு வாய்ப்பு, விவசாயிகளே உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் முதன்மைச் செயல் அலுவலர் பணி. 2020 பிப்ரவரியில் 10,000 நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு மேலாண்மைச் செலவுக்காக 18 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அந்த மூன்று ஆண்டுக்குப் பிறகு உங்கள் சம்பளத்தை நிறுவனமே ஈட்டியாக வேண்டும். சேரும் முன்பு இயக்குநர்களிடம் ‘உதவி நின்ற பிறகு எந்த வியாபாரத்தில் லாபம் வரும்?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் யோசித்து முடிவெடுங்கள்.

அரசு வேலைக்காக எவ்வளவு காலம் படித்துக்கொண்டே இருக்கலாம்?

தேர்வுக்குப் படிப்பது நல்லதுதான். ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று யார் கையிலும் இல்லை. வேறு எதுவும் செய்யாமல் அறையில் உட்கார்ந்து வருடங்களைக் கழிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குறுவை, சம்பா என்ற இரண்டு நெல் பருவமும் முழுக்க வயலில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவரால், தேர்வில் பூச்சியியல் கேள்விக்கும் நேர்முகத்தில் வரும் கேள்விக்கும் கண்ணால் பார்த்ததிலிருந்து பதில் சொல்ல முடியும்.

உரக்கடை வைத்தால் நல்ல வருமானம் வருமா?

வரும். முதலும் நிறைய முடங்கும். உரத்துக்கு, விதைக்கு, பூச்சிமருந்துக்கு என மூன்று தனித்தனி உரிமங்கள். பூச்சிமருந்து உரிமத்துக்குக் கல்வித் தகுதி கட்டாயம். விவசாயப் பட்டமோ பட்டயமோ, வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற அறிவியல் பட்டமோ இருக்க வேண்டும். ஏற்கெனவே கடை நடத்துபவர்களுக்காக ஹைதராபாத்தில் உள்ள மேனேஜ் என்ற வேளாண் விரிவாக்க நிறுவனம் 2003-ல் தொடங்கிய ஓராண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. ‘டேசி’ என்று சொன்னால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் தெரியும்.

யூரியாவில் பெரிய லாபம் இல்லை. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று அரசு நிர்ணயித்த விலை. அதனால் கடையின் லாபம் மருந்திலும் நுண்ணூட்டத்திலும் ‘வளர்ச்சி ஊக்கி’ பாட்டில்களிலும்தான் இருக்கிறது. அடுத்த கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

கடைக்காரரே ஆலோசகராகவும் இருக்கலாமா?

இருக்கிறார்கள். நேர்மையாக இருப்பவர்களும் உண்டு. ஆனால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பாட்டில் விற்றால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலையில் ‘மருந்து வேண்டாம்’ என்று சொல்வது கஷ்டம்.

நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா பயிர் தழைத்து நிற்கும்போது வட்ட வட்டமாகக் காய்ந்து, தீய்ந்தது போல் தெரியும். விவசாயி காய்ந்த தாள் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு கடைக்கு ஓடிவருவார். தாளைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வயலுக்குள் இறங்கி, குத்தை (ஓரிடத்தில் நட்ட நெல் கொத்தை) விலக்கி, தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே தூரடியில் பார்க்க வேண்டும். ஒரு தட்டு தட்டினால் பழுப்புப் பூச்சிகள் தண்ணீரில் விழும். எண்ண வேண்டும். தூருக்கு (குத்தில் உள்ள ஒவ்வொரு தண்டுக்கும்) ஒரு பூச்சி இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டிய நிலை என்பது பரிந்துரை. ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். அந்தச் சிலந்தியை எண்ணுபவர்தான் ஆலோசகர். கடை மேசையிலிருந்து அது தெரியாது.

அப்புறம் செய்ய வேண்டிய முதல் வேலையும் மருந்து இல்லை. தண்ணீரை வடிக்க வேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமாகப் போட்டிருந்தால் மேலுரத்தை நிறுத்த வேண்டும். நடும்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டிருந்தால் காற்றும் வெளிச்சமும் தூரடிக்கு இறங்கியிருக்கும். மருந்து அடிக்க வேண்டி வந்தாலும் அடியில் படும். இதையெல்லாம் விட்டுவிட்டு செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்தை அடித்தால், சிலந்தி செத்துப் புகையான் முன்னைவிடப் பெருகும். இது ஆராய்ச்சி நிலையங்கள் பல காலமாக எச்சரித்து வருவது. ஆனாலும் அந்த வகை மருந்துகள் இன்றும் நெல் வயலுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ‘தண்ணியை வடி’ என்ற வார்த்தைக்கு யாரும் காசு தருவதில்லை என்பதுதான் காரணம்.

கடையும் ஆலோசனையும் ஒருவரிடமே இருந்தால், குறைந்தபட்சம் இரண்டையும் தனித்தனிச் சீட்டில் எழுதுங்கள். பரிந்துரைச் சீட்டில் மருந்தின் வேதிப்பெயர், அளவு, நாள் இருக்கட்டும். அதை எடுத்துக்கொண்டு வேறு கடையில் வாங்கவும் விவசாயிக்கு உரிமை இருக்கட்டும்.

ஆலோசனைக்கு விவசாயி காசு தருவாரா?

தருவார், ஆனால் எல்லாப் பயிரிலும் ஒரே மாதிரி இல்லை. தேனிப் பக்கம் சொட்டுநீரில் திசு வளர்ப்பு வாழை போடுபவர், வாரத்துக்கு எந்த உரம் எத்தனை கிலோ கரைத்துவிட வேண்டும் என்ற அட்டவணைக்குத் தயங்காமல் பணம் கொடுப்பார். அங்கே ஒரு தவறின் விலை பெரிது. நெல்லில் ஏக்கருக்கு மிஞ்சுவதே குறைவு. அதனால் தனி ஒருவரிடம் கேட்பதைவிட, ஒரே வாய்க்காலில் பாசனம் செய்யும் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து, ஏக்கருக்கு இவ்வளவு, பருவத்துக்கு இத்தனை முறை வயல் பார்வை என்று பேசிக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். பாதியை நடவின்போதும் மீதியை அறுவடைக்குப் பிறகும் வாங்குங்கள்.

முதல் பருவம் இலவசம் என்று தொடங்காதீர்கள். இலவசமாக ஆரம்பித்ததற்கு அப்புறம் விலை வைப்பது மிகவும் சிரமம். தொகை சின்னதாக இருந்தாலும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையம் தொடங்கக் கடன் கிடைக்குமா?

இவை விவசாயிகளுக்கு ஆலோசனையும் சேவையும் விற்கும் மையங்கள். இதற்கென 2002-ல் தொடங்கிய மத்தியத் திட்டம் இன்றும் இருக்கிறது. வேளாண் பட்டதாரிகளுக்கும் பட்டயதாரர்களுக்கும் 45 நாள் பயிற்சி, கட்டணம் கிடையாது. தனிநபருக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டத்துக்கு வங்கிக் கடன், நபார்டு வங்கி வழியாக 36 சதவீத மானியம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 44 சதவீதம். பயிற்சி முடித்த எல்லோருக்கும் வங்கி கடன் கொடுத்துவிடுவதில்லை. மண் பரிசோதனை, நாற்றங்கால், இயந்திர வாடகை என்று எதில் வருமானம் வரும் என்பதை மாதவாரியாக எழுதிக்கொண்டு போனால் மேலாளர் உட்காரவைத்துப் பேசுவார்.

அப்பா நிலத்தில் வேலை செய்கிறேன். சம்பளம் கேட்பது தப்பா?

தப்பே இல்லை. இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். பெற்றவர்கள் காதில் விழும்படி பதில் சொல்கிறேன். கூலிக்கு வரும் ஆளுக்கு அன்றே காசு எண்ணிக் கொடுக்கிறீர்கள். டிராக்டர்காரருக்கு மணிக்கணக்கு. பெற்ற பிள்ளைக்கு மட்டும் ‘எல்லாம் உனக்குத்தானேப்பா’ என்றால், இருபத்தைந்து வயதில் நண்பனோடு டீ குடிக்க அம்மாவிடம் கை நீட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கூச்சத்தில்தான் பல பேர் திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுகிறார்கள். விவசாயம் பிடிக்காமல் போனவர்களைவிட, அப்படிப் போனவர்கள்தான் என் பார்வையில் அதிகம்.

மாதச் சம்பளம் கொடுக்க நெல் வீட்டில் பணப்புழக்கம் இருக்காது, உண்மை. அதற்குப் பதிலாக ஒரு ஏக்கரைப் பிள்ளை பொறுப்பில் விடுங்கள். ரகம், உரம், ஆள் எல்லாம் அவர் முடிவு. செலவுக்கு முன்பணம் கொடுங்கள், வரவு அவர் வங்கிக் கணக்கிலேயே விழட்டும். முதல் வருடம் மகசூல் குறையலாம். ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மருமகள் வேலையும் இதில் சேரும். விதைநேர்த்தி, களையெடுப்பு, மாடு, ஆட்களுக்குச் சாப்பாடு எல்லாம் அவர் தலையில். கணக்கு நோட்டில் அவர் பெயரே இருக்காது.

மகளுக்கு நிலத்தில் இடம் உண்டா?

சட்டப்படி உண்டு. இந்துக் குடும்பங்களின் பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. நாடு முழுவதுக்கும் 2005-ல் வந்தது. அக்ரி கல்லூரி வகுப்புகளில் இன்று பெண்கள் நிறையப் பேர். நடவும் களையும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை என்பதால், பெண் ஆலோசகர் வரப்பில் நின்றால் ஆண்களிடம் வராத கேள்விகள் வரும். களைக்கொல்லி அடித்த வயலில் இறங்கிக் கையெல்லாம் எரிகிறது என்பதைக் கணக்குப்பிள்ளையிடம் சொல்ல மாட்டார்கள், அவரிடம் சொல்வார்கள்.

பட்டா அப்பா பெயரில். எனக்குக் கடன், காப்பீடு, உதவித்தொகை கிடைக்குமா?

மூன்றும் மூன்று விதம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு நிலம் வாங்கியவர்களுக்குக் கிடையாது. வாரிசாக வந்தால் விதிவிலக்கு உண்டு. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், குறுவைக்கு 2 சதவீதம். கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் (பயிர்ப் பதிவுச் சான்றில்) பயிரிடுபவர் பெயரும் பயிரும் சரியாக இருக்க வேண்டும். காப்பீட்டுக் கெடுவின் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பிக் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி இல்லை. இதைவிட மலிவான பணம் எங்கும் கிடையாது. குத்தகைக்கு உழுகிறவர்கள் குத்தகையை வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறார்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பதிவேட்டில் ஏற்ற வழி இருக்கிறது. நில உடைமையாளர் தயங்குவார், அது வேறு பிரச்சினை.

எத்தனை ஏக்கர் இருந்தால் முழுநேரம் விவசாயத்தை நம்பலாம்?

ஏக்கரைக் கேட்காமல் மிச்சத்தைக் கேளுங்கள். 2025-26 பருவத்தில் மத்திய அரசின் ஆதார விலை சாதா ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். ஏக்கருக்கு 22 குவிண்டால் என்று வைத்தால் 52,118 ரூபாய் வரவு. மாநில ஊக்கத்தொகை தனி. அதிலிருந்து உழவு, நாற்று, நடவு, உரம், மருந்து, அறுவடை இயந்திர வாடகை, களத்துச் செலவு, குத்தகை நிலமானால் அதுவும் கழியுங்கள். உங்கள் வீட்டு ஆட்களின் கூலியையும் கழியுங்கள். பலர் இந்தக் கடைசி வரியை எழுதுவதே இல்லை. எழுதியதும் கணக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்தால், நெல்லோடு இன்னொன்று வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

டெல்டாவில் அந்த இன்னொன்று தரிசு உளுந்து. சம்பா, தாளடி (குறுவைக்குப் பின் போடும் நெல்) அறுப்புக்கு ஐந்து முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற நெல்லுக்குள் விதையைத் தூவுவார்கள். உழவு இல்லை, தண்ணீர் இல்லை. பனியும் மண் ஈரமும் போதும். பூக்கும்போது ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை 2 சதவீத டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) கரைசல் தெளித்தால் காய் பிடிப்பு கூடும். இப்போது அறுவடை இயந்திரத்தின் சங்கிலித்தடம் முளைத்த உளுந்தை நசுக்குகிறது. இயந்திரம் எந்தப் பக்கமாக வந்து எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிவைப்பதும் ஓர் ஆலோசகரின் வேலைதான்.

புதிதாக வரும் ஆலோசகர் முதலில் எதைக் கையில் பழக வேண்டும்?

உரக்கணக்கு. டெல்டாவில் குறுகிய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஏக்கருக்குத் தழைச்சத்து 60, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 20, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 20 கிலோ. மணிச்சத்து 20 கிலோவுக்கு டி.ஏ.பி. சுமார் 43 கிலோ வேண்டும். அதிலேயே தழைச்சத்து 8 கிலோ அளவு வந்துவிடும். மீதி 52 கிலோவுக்கு யூரியா 113 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை. பலர் டி.ஏ.பி.யில் வரும் தழைச்சத்தைக் கழிக்காமல், பயிர் கரும்பச்சையாக இருக்கட்டும் என்று கூட ஒரு மூட்டையும் வீசுகிறார்கள். மேலே சொன்ன புகையானுக்கு அதுதான் விருந்து. இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்து வாரம் ஒருமுறை பத்து இலைகளைப் பார்த்தால் அந்த மூட்டை மிச்சம்.

மண் பரிசோதனை முடிவு இருந்தால் இந்தப் பொதுக் கணக்கையும் மாற்றலாம். மாதிரி எடுப்பதை ஆளிடம் விடாதீர்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம் தவிர்த்து, வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில ‘வி’ வடிவில் அரையடிக் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதியைத் தள்ளி, அரை கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். பாதி முடிவுகள் கெட்டுப்போவது ஆய்வுக்கூடத்தில் அல்ல, இந்த இடத்தில்தான்.

ட்ரோன் ஓட்டப் படிக்கலாமா?

படிக்கலாம். பத்தாம் வகுப்பு தேர்ச்சி, 18 வயது போதும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் தொலைவு விமானிச் சான்றிதழ் வாங்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் மத்தியத் திட்டமும் இருக்கிறது. ஆனால் ட்ரோன் மேலிருந்து அடிக்கும். தூரடியில் இருக்கும் பூச்சிக்கு அது எவ்வளவு எட்டும் என்று யோசித்துவிட்டு வாடகைக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

சொன்ன ஆலோசனை பலிக்கவில்லை என்றால்?

முதலில் போனை எடுங்கள். பயிர் போன விவசாயி கூப்பிடும்போது எடுக்காத ஆலோசகருக்கு அந்த ஊரில் அடுத்த பருவம் கிடையாது. வயலுக்குப் போய் எழுதிவைத்ததை எடுத்துப் பாருங்கள். எந்த நாளில் எதைப் பார்த்தீர்கள், எவ்வளவு சொன்னீர்கள், அவர் எவ்வளவு அடித்தார். விதையிலோ மருந்திலோ கோளாறு என்று தோன்றினால் பில், பாக்கெட், தொகுதி எண் மூன்றும் வேண்டும். அதனால் விதைப் பையையும் மருந்து டப்பாவின் லேபிளையும் அறுவடை வரை தூக்கிப் போடக்கூடாது என்று நடவன்றே சொல்லிவையுங்கள். வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, பயிர் நிற்கும்போதே வயலை ஆய்வு செய்யவைக்க வேண்டும். அறுத்த பிறகு கொடுத்தால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.